கோஜிக்குப் 'பூவரிசி' சரிவருமா?

நண்பர்களே,

வேகவைத்த அரிசியில் பூஞ்சை படரவிட்டு ஜப்பானியர்கள் செய்யும் கோஜிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார்:

> கோஜிக்கு 'பூஞ்சைச்சோறு' போதுமே. கேட்டதும் விளங்கும்.

விளங்கும் ஐயா, அதுதான் சிக்கலே. 'மிசோ என்ற சோயா விழுது, சோயா சாஸ், சாக்கே என்ற அரிசி மது எல்லாவற்றுக்கும் மூலம் பூஞ்சைச்சோறு' என்று எழுதினால் படிப்பவர் அடுத்த வரிக்கு வரமாட்டார். தவிர, அது சோறும் அல்ல. உலையில் போடாமல், அரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். பருக்கை மேலே விறைப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

'நொதியரிசி' என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். பிழையில்லை. பூஞ்சை சுரக்கும் நொதிகளில் அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது, புரோட்டியேஸ் புரதத்தை உடைக்கிறது. மிசோவின் சுவைக்கு அதுதான் அடிப்படை. ஆனால் முளைகட்டிய பார்லியிலும் நொதி உண்டே.

என் பரிந்துரை: பூவரிசி.

ஜப்பானியர்களே கோஜியை எழுத ஓர் எழுத்து உருவாக்கினார்கள்: அரிசிக்கான குறிக்குப் பக்கத்தில் பூவுக்கான குறி. நாமும் ஊறுகாய் கெட்டால் 'பூத்துப்போச்சு' என்றுதானே சொல்கிறோம்? நமக்கு அது குப்பைக்குப் போகும் பூ, அவ்வளவுதான் வித்தியாசம்.

உருவகம் இன்னொரு படியும் தாங்குகிறது. பூஞ்சை வித்து தூவிய அரிசியை, மரப்பலகை அடித்த வெப்பமான அறையில் முப்பது டிகிரிக்கு மேல் வைக்கிறார்கள். இரண்டாம் நாள் பூஞ்சை தானே சூடேறும். விட்டால் தன் சூட்டில் தானே வெந்து சாகும். அதனால் நடுராத்திரியில் எழுந்து, கட்டிகளைக் கையால் உதிர்த்து, பரப்பிவிட வேண்டும். ஏறக்குறைய 48 மணி நேரத்தில் ஒவ்வொரு பருக்கையிலும் வெள்ளைப் பஞ்சு படரும், கஷ்கொட்டை மணம் வரும். அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் மஞ்சளும் பச்சையுமாக வித்துத்தூள் கட்டும். அடுத்த முறை தூவுவதற்காக வேண்டுமென்றே அப்படி வித்துக்கு விடுவது 'தானே கோஜி'. 'தானே' என்றால் ஜப்பானில் விதை. அதைச் செய்வதற்கென்றே தனிக் கடைகள் உண்டு. வேற்றுக் கிருமி அண்டாமலிருக்க மரச்சாம்பல் கலப்பார்கள்.

ஆக, பூவில் நிறுத்தினால் பூவரிசி, வித்தாக விட்டால் பூவித்து. வித்துக்கு 'உறை' என்று ஒருவர் சொன்ன யோசனை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் உறைமோர் நேற்றைய தயிரில் எடுத்துவைத்த பங்கு. இது தனியாக விளைவிக்கும் விதை.

பூஞ்சை என்ற சொல்லை நான் ஒதுக்கவில்லை. 2006இல் ஜப்பானின் மதுவடிப்புச் சங்கம் கோஜிப் பூஞ்சையை 'நாட்டுப் பூஞ்சை' என்றே அறிவித்தது. அந்த உயிரிக்கு மட்டும் 'பூவரிசிப் பூஞ்சை' என்போம். நிலக்கடலையில் அஃப்லாடாக்சின் நஞ்சு சேர்க்கும் பூஞ்சை இதன் நெருங்கிய பங்காளி. இது அந்த நஞ்சை உண்டாக்காது. பெயரிலேயே பிரித்துக் காட்டினால் நல்லது.

பார்லியில் செய்வதற்கும் 'பார்லிப் பூவரிசி' ஒட்டும். கடையிலேயே 'பார்லி அரிசி' என்றுதானே கேட்கிறோம். பெயர் ஒட்டாமல் இடறுவது சோயாவில்தான். ஒகாசாகி ஊரின் ஹாச்சோ மிசோவுக்கு அரிசியே கிடையாது, சோயா மொச்சையிலேயே கோஜி பிடிக்கிறார்கள். அதற்கு 'பூம்பயறு' என்று வைத்தால் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?