அலெக்ஸ் கவசம் 1/144: என்ன தடிப்பில வெட்டுறது?

உப்புவெளி: கண்டம் (Gundam) அனிமே ரோபோ ஆர்எக்ஸ்-78என்டி-1 அலெக்ஸின்ர 1/144 மாதிரிக்கு, மேல போட்டுக் கழட்டுற சோபம் கவசத்தைப் பிளாஸ்டிக் தகட்டில வெட்டப்போறன். என்ன தடிப்பு எடுக்கலாம்? மாரியில மட் (மினுக்கமில்லாத) வார்னிஷ் வெள்ளையாப் பூக்காம இருக்க வழி சொல்லுங்கோ.

நிலாவெளி: 0.5 மி.மீ. காணும். 1/144 அளவில அது கதையில வாற ரோபோவுக்கு 72 மி.மீ. கவசம். 18 மீட்டர் இயந்திரம், மாதிரி 12.5 செ.மீ. தான், 1 மி.மீ. போட்டா முழங்கை மடங்காது. கவசத்தை ஒட்டிப்போடாதீங்கோ. கழன்று விழுந்தாத்தான் முன்கைக்குள்ள இருக்கிற 90 மி.மீ. கட்லிங் (சுழல் குழல் துப்பாக்கி) வெளிய வரும். கதையில அமுரோ ரே எண்ட விமானிக்காகக் கட்டின இயந்திரம், விமானி அறையில 360 பாகை திரையோட. அந்த அழகை மூடக்கூடாது.

தம்பலகாமம்: கரைப்பான் ஆவியாகேக்க மேற்பரப்பு குளிரும், காத்தில இருக்கிற ஈரம் அதில படியும். அதுதான் பூக்கிறது. மழை விட்ட மத்தியானத்தில, 20 செ.மீ. தள்ளி, மெல்லிசா மூன்று தரம் அடியுங்கோ. பூத்திட்டா மேல பளபள வார்னிஷ் ஒருக்கா, பெரும்பாலும் தெளியும்.