கோலாரில் கேழ்வரகு கெடுவது பருவநிலையாலா, நாம் போட்ட போர்வெல்லாலா?

கேஆர்புரம்வாசி:
பருவநிலை மாற்றம் என்பது இப்போது எல்லாவற்றுக்கும் நல்ல சாக்காகிவிட்டது. கோலார் பக்கம் ஆயிரம் அடி தாண்டிப் போர்வெல் போட்டது யார், வானமா? ஏரியைத் தூர்ந்துபோக விட்டு, மேட்டு நிலத்தில் தைல மரம் நட்டு, தக்காளிக்கு ராப்பகலாக மோட்டார் ஓட்டினோம். 2017இல் புதிதாகத் தைல மரம் நடக்கூடாது என்று கர்நாடக அரசே தடை போட வேண்டிவந்தது.

மாலூர்க்காரன்:
சார், நிலத்தடி நீரில் நீங்கள் சொல்வது சரி. நான் சொல்வது மானாவாரிக் கேழ்வரகை. அதற்குப் போரும் இல்லை, மோட்டாரும் இல்லை. 2021 நவம்பரில் அறுப்பு நேரத்தில் விடாமல் கொட்டியதே, எங்கள் கொல்லையில் பயிர் சேற்றில் சாய்ந்து கதிரிலேயே முளை விட்டது, தட்டு கறுத்துப்போய் மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. 2023இல் நேர்மாறு, மாநிலத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சி. அப்பா கேட்பது மழை எவ்வளவு என்றில்லை, எப்போது என்றுதான்.

கேஆர்புரம்வாசி:
நல்ல வருஷமும் கெட்ட வருஷமும் என்றைக்கும் உண்டு. மழைமானிக் கணக்கு இல்லாமல் அப்பா பேச்சை ஆதாரமாக வைத்தால் எப்படி? இழப்புக்குத்தான் காப்பீடு இருக்கிறதே, காரீஃப், அதாவது மழைக்காலப் பருவத் தானியத்துக்கு வெறும் 2 சதவீதப் பிரீமியம்.

அல்சூர் அக்கா:
தம்பி, மழைக்காலம் மாறியதை விவசாயி நம்புகிறானா இல்லையா என்று அவன் விதைப்பதைப் பார்த்தாலே தெரியும். ஜூலையில் ஈரம் கிடைத்தால் நாள் கூடிய எம்.ஆர்.6 ராகி ரகம், ஆகஸ்டுக்குத் தள்ளினால் நாள் குறைந்த ஜி.பி.யூ.28. நடுநடுவே அவரையும் துவரையும், ராகி போனாலும் அவரைக்காயாவது சந்தைக்கு வரும். காப்பீடா? அறுத்துக் காயப்போட்டது நனைந்தாலோ, ஆலங்கட்டி மாதிரி உள்ளூர்ச் சேதம் வந்தாலோ 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மற்றபடி பஞ்சாயத்து முழுக்கச் சேர்த்துத்தான் மகசூல் கணக்கு, உன் வயல் மட்டும் போனால் போனதுதான். வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரனுக்குப் பஹணியில், அதாவது நில ஆவணத்தில் பெயரே இருக்காது, அவன் எதைக் காட்டுவான்?

கேஆர்புரம்வாசி:
விதை மாற்றுவதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஆனால் மழைநீருக்கென்று மானியத்தில் பண்ணைக் குட்டை வெட்டிவிட்டு, அதில் போர்த் தண்ணீரை நிரப்பி வைக்கிறார்களே, அதுவும் மாறும் மழைக்கேற்ற தகவமைப்பா?

மாலூர்க்காரன்:
சில இடத்தில் நடக்கிறதுதான், தக்காளிக்காரர்கள் செய்வது. ரெண்டு ஏக்கர் ராகிக்காரனிடம் நிரப்பப் போர் எங்கே சார் இருக்கு?