ஓடுபாதையில் ஈசல் கிளம்பிய மாலை

தண்டையார்பேட்டைக்காரர்:

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்ததும் வட்டமிடும் பருந்துகளைச் சிறுவயதில் எண்ணிக்கொண்டே நிற்பேன். அதே பருந்தை விரட்டி வயிறு வளர்ப்பேன் என்று யார் கண்டது? தென் மாவட்டத்துச் சின்ன விமான நிலையம் ஒன்றில், பறவை விரட்டும் ஒப்பந்த வேலையில் மூன்று வருடம் இருந்தேன். நாளுக்கு நாலைந்து ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானங்கள்தான் வரும். மீதி நேரமெல்லாம் ஓடுபாதை பறவைகளுக்குச் சொந்தம்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மாலை. புல்தரையிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பியது. முதலில் கரிச்சான் வந்தது, பிறகு காகம், பிறகு பருந்து. பருந்து ஈசலைக் காலால் பிடித்து, பறந்தபடியே அலகுக்குக் கொண்டுபோகும். பார்க்க அழகுதான், ரசிக்க நேரமில்லை. அணுகுண்டு வெடியைக் கொளுத்தினேன். சற்று மேலே எழும்பிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பின. பந்தி நடக்கும்போது வெடிச்சத்தத்துக்கு யார் எழுந்து போவார்கள்? வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னேன். இறங்க வந்த விமானம் மறுபடி மேலேறி இன்னொரு சுற்றுப் போயிற்று. அது வருவதற்குள் ஈசல் இறகு உதிர்ந்து தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது, பருந்துகளும் கலைந்திருந்தன. தாமதத்துக்காகப் பயணி ஒருவர் சண்டை போட்டதாகக் கேள்வி.

புல்லை ஒட்ட வெட்டினால் புழுபூச்சி வெளியே தெரிந்து உண்ணிக்கொக்கு வரும். வளரவிட்டால் எலியும் முயலும் குடியேறும். அவற்றைத் தேடிப் பெரிய பறவைகள் வரும். எங்கள் மேற்பார்வையாளருக்கோ "வெட்டு" என்பதைத் தவிர வேறு உத்தரவு தெரியாது.

ஒருமுறை ஓரத்துச் சரளையில் ஆட்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று சொல்ல எதுவுமில்லை. கல்லோடு கல்லாகக் கிடந்தன. மிதிக்கத் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினேன். எடுத்து எறியச் சொன்னார் மேற்பார்வையாளர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவை முட்டையை உடைப்பதும் வேட்டையாடுதல் என்ற கணக்கில்தான் வருகிறது. "எழுத்தில் கொடுங்கள், எறிகிறேன்" என்றேன். அதன்பிறகு பேச்சில்லை. டிராக்டர்காரர் நாலு வாரம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு புல் வெட்டினார். அடுத்த பருவத்துக்கு முன்பே சரளையை அள்ளிவிட்டு மண் போட்டோம். பறவை வேலிக்கு வெளியே போய் முட்டையிட்டது.

மாதவரத்துக்காரர்:

என் மாமா பல்லாவரம் பக்கம் கோழிக்கடை வைத்திருந்தார். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் திறந்த வெளியில் அறுக்கக் கூடாது, கழிவு கொட்டக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. நொந்துகொண்டே மூடி போட்ட டிரம் வாங்கினார். இரண்டு தெரு தள்ளி, கல்யாண மண்டபத்து எச்சில் இலை மட்டும் வெட்டவெளியில் மலைபோலக் கிடந்தது. அதற்கு யாரும் நோட்டீஸ் கொடுத்ததாகத் தெரியவில்லை.

தண்டையார்பேட்டைக்காரர்:

அது 1937 விமான விதிகளில் 91வது விதி. பிணந்தின்னிக் கழுகைப் பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் என்ற வலிமருந்து ஊசியால், செத்த மாட்டைத் தின்ற கழுகு அருகிப்போனது. விதியில் மட்டும் இன்னும் பறக்கிறது. நம் கொடுங்கையூர்க் குப்பைமேடு மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு வெளியே இருப்பதால், இந்தக் கணக்கில் சிக்கவில்லை.

எங்கள் நிலையத்துக்கு வெளியிலும் கோழிக்கழிவுப் பள்ளம் ஒன்று இருந்தது. ஆட்சியர் தலைமையில் நடக்கும் சூழல் மேலாண்மைக் குழுவில் இரண்டு முறை பேசிய பிறகு, ஊராட்சியினர் மண் கொட்டி மூடினார்கள். மறுவாரமே காலை விமான நேரத்தில் வானம் காலியாக இருந்தது. அதுவரை நான் கொளுத்திய வெடிகளை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அதன்பிறகு விரட்டியதெல்லாம் பெரும்பாலும் மயிலைத்தான். தேசியப் பறவை அல்லவா, ஜீப் ஹாரனுக்கெல்லாம் நகராது. நான் இறங்கிப் பின்னால் நடந்தால், அதுவும் முன்னால் நடக்கும்.