பெர்க்கிலி ஹாஸ் வணிகப் பள்ளிக்கு மாற்றுச் சேர்க்கை: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரி (இரண்டாண்டுக் கல்லூரி) ஒன்றில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகன், வரும் இலையுதிர்காலத்தில் பெர்க்கிலியின் ஹாஸ் வணிகப் பள்ளிக்கு மாற்றுச் சேர்க்கை (டிரான்ஸ்ஃபர்) கோரி விண்ணப்பிக்க இருக்கிறான். தகுதி பெறும் மாணவர்களுக்கு முன்கூட்டியே இடத்தை உறுதிசெய்யும் 'டேக்' ஒப்பந்தத்தை யூசியின் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின்) வேறு சில வளாகங்கள் வழங்கினாலும் பெர்க்கிலி வழங்குவதில்லை என்பதால், மதிப்பெண்களோடு கட்டுரைகளும் கைகொடுத்தால்தான் உண்டு.

அறுபது செமஸ்டர் யூனிட்டுகளை அவன் முடித்துவிடுவான், அதில் கவலையில்லை. கால்குலஸ், புள்ளியியல், பொருளாதாரம் ஆகிய முன்தேவைப் பாடங்களை கம்யூனிட்டி கல்லூரியின் எந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் 'அசிஸ்ட்' தளத்தில் சரிபார்த்துவிட்டோம். ஆனால், இரண்டாம் கால்குலஸை விண்ணப்பத்துக்கு முன் கோடையிலேயே முடிப்பது நல்லதா, அல்லது அவசரத்தில் 'பி' வாங்குவதைவிட அடுத்த வசந்தகாலப் பருவம்வரை பொறுப்பது நல்லதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. (பொறுக்கலாம் என்பது என் கட்சி.)

இன்னொரு சந்தேகம்: கிளப் பதவி எதுவும் இல்லாமல், வார இறுதிகளில் இந்திய மளிகைக் கடையில் காலாவதியாகும் தயிர் டப்பாக்களைக் கணக்கெடுத்து, கொள்முதலைக் குறைக்க வழிசொன்ன அனுபவத்தை மட்டுமே நம்பி, 350 சொற்களுக்குள் அடங்கவேண்டிய கட்டுரை ஒன்றை எழுதினால் எடுபடுமா? அண்மையில் ஹாஸில் சேர்ந்தவர்களோ அவர்களின் பெற்றோரோ இக்குழுவில் இருந்தால், தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.