ஆம்பிசிலின் தட்டு கைவிட்ட கதை: பேதெயெஸ் பயோடெக் சேர்ந்தவர்களுக்கு

சென்தாந்த்ரே_லேப்:
நம்ம ரீயூனியன் தீவில் பக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்து ரெண்டு வருஷ பயோடெக் பேதெயெஸ் (BTS, பிரெஞ்சுத் தொழில்நுட்பப் படிப்பு) சேரும் பிள்ளைகளை அழவைக்கிற காட்சி இது. டிரான்ஸ்ஃபர்மேஷன் (பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு வளைய டி.என்.ஏ.வைப் புகுத்துவது) முடிந்த மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தால், பிளாஸ்மிட் போடாத கன்ட்ரோல் தட்டில் விளிம்பு முதல் விளிம்பு வரை பாலாடை படிந்தாற்போல் ஈ.கோலி பாக்டீரியா. ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணு பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது, அதனால் ஒரு காலனிகூட (பாக்டீரியாத் திட்டு) வரக்கூடாத தட்டு அது! ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியில் கிருமி நீக்கும் கலம்) எடுத்த அகர் (தட்டில் உறையும் ஊட்டக் கூழ்) ஆறுமுன், பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்தை விட்டதுதான் காரணம். சூட்டில் மருந்து செத்துவிடும். 50 டிகிரிக்கு இறங்கட்டும். வெறுங்கையால் குடுவையைப் பிடித்திருக்க முடியவேண்டும். ரொம்ப ஆறவிட்டால் கட்டி தட்டும். 400 மில்லி அகருக்கு, மில்லிக்கு 100 மில்லிகிராம் ஆம்பிசிலின் உள்ள ஸ்டாக்கில் (செறிந்த கரைசல்) 400 மைக்ரோலிட்டர். நுரை வராமல் சுழற்றுங்கள். 20 தட்டு வரும்.

பியேர்_பெண்:
அண்ணே, எல்லாப் பழியையும் சூட்டின்மேல் போடாதீங்க. ஸ்டாக்கைப் பலமுறை உருக்கி உறையவைத்தாலும் இதே கதிதான். பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக வந்தால் அது வேறு விஷயம்: நடுவிலிருப்பது பீட்டா லாக்டமேஸ் (ஆம்பிசிலினைச் சிதைக்கும் நொதி) கசியவிட்டு அக்கம்பக்கத்து மருந்தை அழிக்கிறது. 16 மணி நேரத்தில் தட்டை எடுத்தால் அவை பெரும்பாலும் தலைகாட்டாது. பொடியை எடுத்து வளர்த்துவிட்டு பிளாஸ்மிட் இல்லையே என்று தேடக்கூடாது.

காலனி குறைந்த தட்டுக்கு அவசரமும் ஒரு காரணம். ஐஸில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 நொடி, மறுபடி ஐஸில் 2 நிமிடம். அப்புறம் மருந்தில்லாத எல்பியில் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் கரைசல்) 37 டிகிரியில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் செல் எதிர்ப்பு நொதியைச் செய்துகொள்கிறது. அதைச் சுருக்கினால் காலனி குறையலாம்.

மல்பார்_அக்கா:
கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன் தம்பி தங்கைகளே. தட்டுக்கு முந்தியே தடுக்கிவிழும் இடம் பார்க்கூர்சூப் (மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிரெஞ்சு அரசு இணையதளம்). விருப்பத்தைப் பதிந்தால் போதாது, கோப்பை நிரப்பி ஒவ்வொன்றையும் உறுதிசெய்யணும். உறுதிசெய்யாத விருப்பம் லிசேக்குப் (பேதெயெஸ் நடத்தும் மேல்நிலைப் பள்ளி) போகவே போகாது. விருப்பம் பதியும் கெடு பாரிஸ் நேரம் 23:59. மார்ச் நடுவில் நமக்கு விடிகாலை 2:59. நேரம் இருக்கிறதென்று கடைசி ராத்திரிக்குத் தள்ளாதீர்கள், ஸ்கேன் கோளாறானால் அந்நேரம் கேட்க ஆளிருக்காது. பேதெயெஸில் ஒரே துறைக்கு ஒரு விருப்பத்துக்குள் பல லிசேக்களைத் துணை விருப்பமாகப் போடலாம், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பிரான்சுக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட் வாங்குமுன் லாதோமில் (கடல்கடந்த பகுதியினரின் பயணத்துக்கு உதவும் அரசு அமைப்பு) மொபிலிட்டே பாஸ்போர்ட் என்ற பயண உதவிக்கு விண்ணப்பியுங்கள். அந்தப் படிப்பு தீவில் இல்லை, அல்லது இடம் நிரம்பிவிட்டது என்று காட்டணும். தீவைவிட்டுப் போக மனமில்லையா? சென்பியேர் ஐயூட்டேயில் (பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவனம்) ஜெனி பியோலொஜிக் (உயிரியல் பொறியியல்) இருக்கிறது. ஆனால் அது 2021 முதல் மூன்று வருஷ பியூட் (BUT, ஐயூட்டே தரும் பட்டம்).

சென்தாந்த்ரே_லேப்:
தங்கச்சி சொன்ன பொடிக் காலனி விஷயம் ரொம்பச் சரி. இன்னொன்று: பிப்ரவரிப் புழுக்கத்தில் மூடியில் நீர் கோர்த்துச் சொட்டும், காலனிகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். ஊற்றிய தட்டை ஹூட்டுக்குள் (சுத்தக் காற்று ஓடும் பெட்டி) மூடியைச் சாய்த்து 20 நிமிடம் காயவிடுங்கள். இன்குபேட்டரில் தலைகீழாகத்தான் வைக்கணும், பெயரையும் தேதியையும் அடித்தட்டில் எழுதணும். மூடியில் எழுதினால், மூடி மாறும்போது கன்ட்ரோல் எதென்றே தெரியாது.