புதுப்பிப்பு: பாடிபோர்டின் மூக்கு தண்ணீரில் குத்துகிற பிரச்சினை தீர்ந்தது

பாடிபோர்டில் (குப்புறப் படுத்து அலையில் சறுக்கும் நுரைப் பலகை) போகும்போது, அலை தூக்குகிற நொடியில் போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, தண்ணீருக்குள் குத்தி, நான் குப்புற உருள்கிறேன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் போர்டின் அளவைப் பார்த்தேன். நிறுத்தி வைத்தால் தொப்புள் உயரம் வருகிறது, அதில் தப்பில்லை. அப்புறம், இடுப்பெலும்பு போர்டின் வால் (பின்பக்க) விளிம்பருகே இருக்கும்படி பின்னால் தள்ளிப் படுக்கச் சொன்னார் ஒருவர். அதுதான் பலித்தது. இத்தனை நாள் ஒரு சாண் முன்னால் ஏறிப் படுத்திருக்கிறேன்! ஆனால் ரொம்பப் பின்னால் போனாலும் வால் அமுங்கி, அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். சரியான இடத்துக்கும் அதற்கும் இரண்டு விரல் அகல வித்தியாசம்தான்.

எதிர்பாராத ஒன்று: செங்குத்தான அலையில் மட்டும் மூக்கு இன்னமும் குத்தியது. காரணம், என் போர்டின் உள்ளே இருக்கும் நுரை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். வெதுவெதுப்பான நீரில் தொளதொளத்துவிடுகிறது. நண்பரின் பாலிப்ரொப்பிலீன் போர்டை இரவல் வாங்கிப் பார்த்தேன், விறைப்பாக நின்றது. குளிர்ந்த நீரில் ஓட்டுபவர்களுக்கு என்னுடையதே போதும். நேரே கீழே இறங்காமல் சாய்வாக இறங்கினால் பழைய போர்டிலும் சமாளிக்க முடிகிறது, இப்போதைக்கு அப்படித்தான் ஓட்டுகிறேன்.