மிளகாயில் பழுப்பு அந்துப்பூச்சி: புரோடீனியாவா, காய்ப்புழுவா?

கேள்வி (திருப்புல்லாணி பக்கம்)
முண்டு மிளகாய் பூவும் பிஞ்சுமா நிக்குது. ராத்திரி பல்பு போட்டு, கீழே சோப்புத் தண்ணி வச்சதுல பழுப்பு அந்துப்பூச்சி நிறைய விழுது. முன் இறக்கை நடுவுல அவரை விதை மாதிரி ஒரு கரும்புள்ளி, மத்ததெல்லாம் மங்கல். எந்தப் புழுவோட தாய்ப்பூச்சி இது?

பதில் 1
அந்தப் புள்ளிய நம்பாதீங்க. நாக்டுயிட் (இந்தப் பழுப்பு அந்துப்பூச்சிகளோட) குடும்பத்துல பலதுக்கும் அப்படி ஒண்ணு இருக்கும். பின் இறக்கையை விரிங்க. ஓரத்துல அகலமான கரும்பட்டை, அதுக்குள்ள வெளிறின திட்டு இருந்தா பச்சைக் காய்ப்புழு (ஹெலிகோவெர்பா). வெள்ளையா, கண்ணாடி போல, ஓரத்துல மெல்லிய பழுப்புக் கோடு மட்டும்னா ஸ்போடாப்டிரா வகை (புரோடீனியாவும் படைப்புழுவும் இதுல சேரும்). அதுலயும் முன் இறக்கையில நரம்பை ஒட்டி வெளிர் கோடுகள் கிளைவிட்டு ஓடினா புரோடீனியா, அதாவது புகையிலை வெட்டுப்புழு. காய்ப்புழுப் பூச்சிக்கு அந்தக் கோட்டுப் பின்னல் கிடையாது. ஆண் பசுமை கலந்த சாம்பல், பெண் செம்பழுப்பு.

கேட்டவர்
விரிச்சா ஒட்டிக்கிட்டு கிழியுதே?

பதில் 2
தண்ணிதான் காரணம். இறக்கை நிறம் முழுக்கச் செதில். சோப்புல ஊறினா உதிர்ந்து எல்லாப் பூச்சியும் ஒரே பழுப்பாயிடும். காஞ்ச வாளி, மேல புனல், உள்ளே முட்டை அட்டை ரெண்டு போடுங்க. பூச்சி அட்டை மடிப்புல ஒதுங்கிக்கும். விடியும் முன்னாடி எடுத்து டப்பாவுல அடைச்சு, ஃபிரிட்ஜ்ல (ஃபிரீசர் வேண்டாம்) கால் மணி நேரம் வச்சா அசங்காது. குண்டூசியால முன் இறக்கையை மேலே தள்ளினா பின் இறக்கை தெரியும். பக்கத்துல ஸ்கேல் வச்சுப் படம் எடுங்க. கடலோர ஈரக்காத்துல சாயங்காலம் வரை போட்டு வைக்காதீங்க, பூஞ்சணம் பிடிக்கும்.

பதில் 3
பக்கத்துல மக்காச்சோளம் இருந்தா படைப்புழுவையும் கணக்குல வையுங்க. ஆணுக்கு முன் இறக்கை நுனியில வெள்ளை முக்கோணத் திட்டு உண்டு. பெண்ணுக்கு அது இல்லாததால புரோடீனியான்னு ஏமாத்தும். ஸ்போடாப்டிராவா காய்ப்புழுவாங்கிற சந்தேகம் தீர இலை அடியையும் பூ, பிஞ்சையும் பாருங்க: பழுப்பு ரோமம் போர்த்தின முட்டைக் குவியல்னா ஸ்போடாப்டிரா, பூ, பிஞ்சுல ஒத்தை ஒத்தையா வெளிர் முட்டைன்னா காய்ப்புழு.

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 போதும். புரோடீனியா, காய்ப்புழு ரெண்டோட லூரையும் (ஆண் பூச்சியை இழுக்குற வாசனைப் பொருள்) ஒரே பொறியில மாட்டாதீங்க. ஒண்ணைத் தொட்ட கையால இன்னொண்ணையும் தொடக்கூடாது. இந்தப் பொறியில ஆண் மட்டும்தான் விழும்.

என்.பி.வி. (புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லுற வைரஸ்) வாங்குறதா இருந்தா இனம் தெரியாம வாங்காதீங்க. புரோடீனியாவுக்கானது காய்ப்புழுவைக் கொல்லாது. வெயில்ல செத்துப்போகும், அதனால சாயங்காலம் அடிங்க.